திருகோணமலையில ஏத்தத்துக்கும் வத்துக்கும் இடையில போட் அடிக்கு பெயின்ட் அடிக்க ஏலுமா?

தம்பி, நீங்க கேட்டத ஒருக்கா திருப்பிச் சொல்லுறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். 19 அடி ஃபைபர் போட் ஒண்டு செகண்ட் ஹாண்டா எடுத்திருக்கிறீங்க, உள்துறைமுகப் பக்கம் தண்ணியிலயே கட்டி வச்சு சீசனுக்கு ஆக்கள ஏத்திக்கொண்டு திமிங்கிலம் காட்டப் போற பிளான், அடியெல்லாம் பாசியும் சிப்பியும். இங்கிலாந்தில இருக்கிற மச்சான் சொன்னாராம் கடல் ஏறேக்க போட்டக் கரையில நிப்பாட்டு, வத்தினதும் சுரண்டிக் கழுவி பெயின்ட் அடி, திரும்ப ஏறேக்க போட் தானா மிதக்கும், தூக்குற செலவே இல்ல எண்டு. அது இங்க சரிவருமா, என்ன பெயின்ட், கடலுக்குக் கேடில்லாமச் செய்யிறது எப்பிடி, கடைசியா என்ன கலர். இதுதானே?

இங்க அது சரிவராது. மச்சான் பொய் சொல்லேல்ல, அவர் நிக்கிற கடல் வேற. பிரிஸ்டல் பக்கம் பெரிய ஏத்தத்துக்கு தண்ணி 12 மீட்டருக்கு மேல ஏறி இறங்கும், நாலு மாடி வீட்டு உயரம். அங்க ஒரு மதில்ல போட்டச் சாத்திக் கட்டிவிட்டா தண்ணி கீழ போய் அஞ்சு ஆறு மணித்தியாலம் அடி முழுக்க காய்ஞ்சு நிக்கும். குஜராத்தில அலங்கில கப்பல் உடைக்கிறவங்களும் இதே வித்தையத்தான் செய்யிறாங்க, பெரிய ஏத்தத்தில கப்பல ஓட்டிக்கொண்டு வந்து கரையில ஏத்திவிட்டா வத்துக்கு அது தரையில கிடக்கும். எங்கட திருகோணமலையில பறுவத்துக்கும் அமாவாசைக்கும் பாத்தாலும் மிஞ்சிப்போனா இரண்டு அடி, மற்ற நாளில அதவிடக் குறைவு. முழங்காலளவு தண்ணி இறங்கிறத நம்பி பெயின்ட் டின்ன உடைக்கிறது புத்தியில்ல. தம்பலகாமம் பக்கம் சேத்துத் தரையில ஏத்தி வச்சுப் பாத்த ஆக்கள எனக்குத் தெரியும், கீல், அதான் போட்டின்ர அடியில நடுவால ஓடுற முதுகெலும்பு, தண்ணிக்குள்ளயே கிடக்கும், ஆள் சேத்துக்க முழங்கால் ஊண்டி நிப்பான், சுரண்டினதெல்லாம் அந்தச் சேத்துக்கயே போய்ச் சேரும், ஈரத்துக்கு மேல அடிச்ச பெயின்ட் ஒரு மாசத்தில தோல் உரிஞ்ச மாதிரிக் கழண்டு வரும். ரெண்டுங் கெட்டான் வேலை.

ஆனபடியா இங்க ஒரே வழி, போட்ட கடல் ஏறுற கோட்டுக்கு மேல இழுத்து வச்சு ஆறுதலாச் செய்யிறதுதான். கரைவலைக்காரர் வள்ளம் இழுக்கிற மாதிரி பனங்குத்தி நாலு, எட்டுப் பேர், ஒரு சோடாப் போத்தல் கேஸ், அவ்வளவுதான் செலவு. 19 அடிக்கு கிரேன் ஒண்டும் தேவையில்ல. நாள்கணக்கா கடல்ல நிண்டு மீன் பிடிக்கிற பெரிய பலநாள் போட் வச்சிருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது பொருந்தாது, அவங்க ஸ்லிப்வே எண்ட சாய்தளத்தில ஏத்தித்தான் ஆகணும்.

இப்ப ஒருத்தரும் கேக்காத ஒரு கேள்வி. உங்களுக்கு ஆன்டிஃபவ்லிங் பெயின்ட், அதான் பாசியும் சிப்பியும் ஒட்டாம அடிக்கிற பெயின்ட், உண்மையா வேணுமா? உப்புவெளி, நிலாவெளிக் கரையில ஒவ்வொரு நாளும் மணலுக்கு இழுத்து ஏத்துற ஃபைபர் போட்டுக்கு அது தேவையே இல்ல. கடலுக்க போட்ட எந்தச் சாமானிலயும் முதல் நாளே ஒரு வழவழப்புப் படியும், அதுக்கு மேல பாசி, அதுக்குப் பிறகுதான் சிப்பிக் குஞ்சு வந்து ஒட்டும், பின்னேரம் பின்னேரம் வெயில்ல ஏறுற போட்டில அதுகளுக்கு வீடு கட்ட நேரம் வராது. அதில விலை குடுத்து செம்புப் பெயின்ட் அடிச்சா மணல்தான் அத சுரண்டித் தின்னும், மணலோட கடலுக்குப் போகும், காசும் போச்சு கடலும் கெட்டுது. அப்பிடி ஆக்களுக்கு சாதாரண மெரைன் பெயின்டும் கிழமைக்கொருக்கா துணியால ஒரு துடையலும் காணும். உங்கடது தண்ணியிலயே மாசக்கணக்கா கிடக்கப்போற போட், அதுவும் சூடான அசையாத துறைமுகத் தண்ணி, அதால உங்களுக்கு வேணும். சீசன் முடிய வாடைக்காத்து காலத்துக்கு எப்பிடியும் மேல ஏத்தத்தானே போறீங்க, அப்ப ஒரு சீசனுக்குத் தாங்கினாலே போதும், மூண்டு நாலு பூச்சு அடிச்சு கனப்படுத்தத் தேவையில்ல.

அந்த டின்னுக்குள்ள என்ன கிடக்கு எண்டு தெரிஞ்சா மிச்சத்த ஏன் இவ்வளவு நுணுக்கமாச் சொல்லுறன் எண்டு விளங்கும். அது பெயின்ட் மாதிரித் தெரிஞ்சாலும் மெதுவாக் கரையிற நஞ்சு. அனேகமா செம்பு ஒக்சைட், அதோட பாசிக்கு எதிரான வேற மருந்தும் கலந்திருப்பாங்க. தண்ணிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாச் செம்பு கசிஞ்சு ஒட்ட வாற குஞ்சுகளக் கொல்லும். செம்பு உக்கிப் போற சாமான் இல்ல, சுரண்டின துகள் சேத்துக்கடியில போய்க் கிடந்தும் கசிஞ்சுகொண்டுதான் இருக்கும், சிப்பிக்கும் இறால் குஞ்சுக்கும் அது என்ர போட்டா உன்ர போட்டா எண்டு தெரியாது. முந்தி இதவிட மோசமான ஒண்டு இருந்தது, ட்ரைபியூட்டில் டின், சுருக்கமா டிபிடி. பிரான்சில ஆர்காஷோன் குடாவில 1970களின்ர கடைசியில சிப்பி வளக்கிறவங்களுக்கு குஞ்சு பொரிக்காமப் போச்சு, வளந்த சிப்பியின்ர ஓடெல்லாம் தடிச்சுக் கோணலாப் போச்சு, கடைசியில பாத்தா பக்கத்தில கட்டியிருந்த போட்டுகளின்ர அடிப் பெயின்ட்தான் காரணம். 1982 ல பிரான்ஸ் சின்னப் போட்டுகளுக்கு அத நிப்பாட்டிச்சு. உலகம் முழுக்க கப்பலுக்கும் சேத்துத் தடை செய்யிற ஒப்பந்தம் 2001 ல எழுதி 2008 செப்டம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. சைபுட்ரின் எண்ட இன்னொரு மருந்தயும் 2023 ல இருந்து சேத்துட்டாங்க. தம்பலகாமம் குடாவிலயும் முத்துச்சிப்பி இருந்த இடம்தான், வாய் ஒடுங்கின ஆழமில்லாத குடா, ஆர்காஷோன் மாதிரியேதான். அதால லேபல் இல்லாத பழைய டின், கப்பல்ல மிஞ்சினது, நல்ல சரக்கு அண்ணே மலிவு எண்டு ஆராவது தந்தா வாங்காதீங்க, லேபல்ல என்ன மருந்து எண்டு போட்டிருக்கிறது மட்டும் எடுங்க.

நாள் பாக்கிறது. எங்களுக்கு பங்குனி சித்திரை நல்லம், வாடை அடங்கி மழை குறைஞ்சு கடலும் படிஞ்சிருக்கும். வைகாசி பிறந்து கச்சான் காத்து எடுத்துட்டா வெயில் நல்லம்தான் ஆனா பத்து மணிக்குப் பிறகு காத்து மணலத் தூக்கிக்கொண்டு வந்து ஈரப் பெயின்டில ஒட்டும், சாண்ட் பேப்பர் மாதிரி ஒரு அடி கிடைக்கும். அப்ப அடிக்கிறதெண்டா பனி காய்ஞ்ச உடன காலையில, இல்லாட்டி காத்து விழுந்த பின்னேரம். மத்தியான வெயில்ல கை வைக்க ஏலாத சூட்டில போட் கிடக்கும், அதில பெயின்ட் பட்டவுடன மேல தோல் பிடிச்சு உள்ள இருக்கிற தின்னர் வெளிய வர வழியில்லாமக் கொப்புளமாகும்.

இடம் பாக்கேக்க ஆறு, வாய்க்கால், கிணறு இல்லாத பக்கமா, கடலுக்குச் சாய்வு இல்லாத மட்டத் தரையாப் பாருங்க. கீழ பெரிய தார்பாய் ஒண்டு முழுசா விரிச்சு, நாலு ஓரத்திலயும் அடியில மணலக் குவிச்சு வரம்பு மாதிரி உயத்திவிடுங்க, வயல் வரம்பு கட்டினதப் பாத்திருப்பீங்கதானே, அதேதான். கழுவுற தண்ணியும் துகளும் அதுக்குள்ளயே நிக்கும். இது இல்லாம வேலையத் தொடங்காதீங்க. நான் முதல் தரம் சும்மா மணல்ல வச்சுச் சுரண்டினன், வேலை முடிஞ்சு போட் கடலுக்குப் போய் இரண்டு மாசத்துக்குப் பிறகும் அந்த இடத்து மணல் காவி நிறமாக் கிடந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதக் கிண்டி ரத்தக்கடல் எண்டு விளையாடிக்கொண்டிருந்துதுகள். அண்டைக்கு மண்வெட்டியோட போய் ஒரு சாண் ஆழத்துக்கு மணலக் கிண்டி உரப்பையில கட்டினன், ஏழு பை.

கரைக்கு ஏத்தின உடன, ஈரத்தோடயே கழுவத் தொடங்கணும். தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம் எண்டு போனீங்க எண்டா அந்த வழவழப்பு ஒரு மணித்தியால வெயில்ல சீமெந்து மாதிரி இறுகிப்போகும். ஈரத்தில எண்டா தும்புக் கட்டையும் சாக்குத் துண்டும் போதும், பாசி சேலை உரியிற மாதிரி வரும். சிப்பிக்கு இரும்புத் தகடு எடுக்காதீங்க, ஃபைபர்ல கீறு விழும், தடிச்ச பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் இல்லாட்டி கருக்குப் போகச் சீவின பனமட்டைத் துண்டு. குத்தக் கூடாது, கிட்டத்தட்ட படுக்கையாப் பிடிச்சு பக்கத்தால தள்ளணும், டக் எண்டு ஒரு சத்தத்தோட மேல் ஓடு கழண்டு போகும். அது போன இடத்தில பத்துச் சதக் காசளவு வெள்ளை வட்டம் ஒண்டு ஒட்டிக்கொண்டே கிடக்கும், அதுதான் அதின்ர அடித்தகடு, சுண்ணாம்பு. அத விட்டுட்டு மேல பெயின்ட் அடிச்சா அடுத்த மாசம் அந்த வட்டம் பெயின்டோட சேந்து கழண்டு விழும். வினாகிரி நனைச்ச துணிய அதில கொஞ்ச நேரம் ஒட்டி விட்டா நுரைச்சு இளகும், பிறகு தேய்ச்சு எடுக்கலாம். பாத்ரூம் கழுவுற ஆசிட் ஊத்துறவங்களப் பாத்திருக்கிறன், வேணாம், புகை நெஞ்சுக்குள்ள போகும், ஃபைபரின்ர மேல்பூச்சும் மங்கும்.

கடைசியா நல்ல தண்ணியால ஒருக்கா முழுக்கக் கழுவுங்க, கிணத்துத் தண்ணி உவர் எண்டா பவுசர் தண்ணி ஒரு பரல். உப்பு மிஞ்சினா பெயின்டுக்கடியில ஈரத்த இழுத்துக்கொண்டே இருக்கும். அப்பவே அடிய கையால தடவிப் பாருங்க, கண்ணவிடக் கை நல்லாச் சொல்லும். கொப்புளம் தட்டுப்பட்டா ஒண்ட ஊசியால குத்தி மணந்து பாருங்க (கண்ணுக்குத் தெறிக்காம, உள்ள அழுத்தம் இருக்கும்), வினாகிரி மணத்தா தண்ணி ஃபைபருக்குள்ள ஊறிட்டுது எண்டு அர்த்தம். அதத் திறந்து கழுவி, கிழமைக்கணக்கா காய விட்டு, எபொக்சியால அடைச்சிட்டுத்தான் பெயின்ட். எபொக்சி இல்லாம பொலியெஸ்டர் ரெசின் கலக்கிற ஆக்களுக்கு ஒண்டு: கோபால்ட்டயும் ஹார்ட்னரயும் நேர ஒண்டோட ஒண்டு ஊத்தக் கூடாது, வெடிக்கும். முதல்ல ஒண்ட ரெசின்ல முழுசாக் கலந்த பிறகுதான் மற்றது.

பழைய பெயின்டத் தேய்க்கிறதுக்கு ஒரே சட்டம்தான், ஈரத் தேய்ப்பு. வோட்டர் பேப்பர், வாளித் தண்ணி. கிரைண்டரில டிஸ்க் போட்டு காய்ஞ்ச பெயின்டத் தேய்ச்சா நாலு வீட்டுக்குச் சிவப்புத் தூள் போகும், முகத்தில சாரத்தக் கட்டிக்கொண்டு நிண்டா அது மணலத்தான் தடுக்கும், செம்புத் தூளத் தடுக்காது. என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை, நீட்டுக் கை சேட். மரவள்ளம் எண்டா இன்னும் கவனம், பழைய பூச்சில ஈயம் கலந்த ரெட் லெட் இருக்க இடமிருக்கு. கை கழுவாம வெத்திலை போடாதீங்க, சோத்துப் பார்சலையும் அந்தத் தார்பாயில வச்சுச் சாப்பிடாதீங்க. எங்கட அப்பப்பா காலத்தில மரவள்ளத்துக்கு சுறா எண்ணெயும் குங்கிலியமும்தான், ஊரெல்லாம் நாறும், ஆனா ஒருத்தரும் மாஸ்க் போடத் தேவைப்படேல்ல.

எஞ்சின் காலப் பற்றி ஒரு கதை. நான் மிச்சம் கிடந்த செம்புப் பெயின்ட வீணாக்கக் கூடாது எண்டு அவுட்போர்ட் எஞ்சினின்ர கீழ்ப்பகுதிக்கும் அடிச்சிட்டன், சிப்பி அங்கயும் ஒட்டுதுதானே எண்டு. மூண்டு மாசத்தில அதில வெள்ளை வெள்ளையா மா பூத்தது, நகத்தால சுரண்ட குழி குழியா வந்தது. அது அலுமினியம், செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணியில சேந்தா பற்றரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தத் தின்னும். இது புதுப் பாடமும் இல்ல, 1761 ல பிரிட்டிஷ் நேவி அலார்ம் எண்ட கப்பலுக்கு அடி முழுக்க செம்புத் தகடு அடிச்சுப் பாத்தது, சிப்பி ஒட்டேல்ல, புழு துளைக்கேல்ல, ஆனா தகடு தொட்ட இடமெல்லாம் இரும்பு ஆணி கரைஞ்சு போச்சு. அதே நேவி 1957 வரைக்கும் எங்கட துறைமுகத்திலதான் நிண்டது, நான் மட்டும் படிக்கேல்ல. நீங்க எஞ்சின் காலத் தண்ணிக்கு மேல தூக்கி வச்சுக் கட்டுங்க, அது போதும். போட்டில சிங்க் கட்டி, அதான் மற்ற உலோகத்துக்குப் பதிலாத் தான் கரையிற துத்தநாகக் கட்டி, பூட்டியிருந்தா அதுக்கும் பெயின்ட் படக்கூடாது, பட்டா அது வேலை செய்யாது.

பெயின்ட் எவ்வளவு வாங்கிறது? 19 அடி, தண்ணிக்குள்ள நிக்கிற பகுதி ஏறக்குறைய ஏழெட்டுச் சதுர மீட்டர் வரும், ஒரு லீட்டர் ஒரு பூச்சுக்கு எட்டுப் பத்துச் சதுர மீட்டர் போகும், அப்ப இரண்டு பூச்சுக்கு இரண்டு லீட்டர் எடுத்தா மிச்சமும் வரும். டின்னில போட்ட கணக்கையும் பாருங்க. வெறும் ஃபைபருக்கு மேல நேர அடிச்சா பிடிக்காது, முதல் ஒரு எபொக்சி பிரைமர். பழைய பெயின்ட் என்ன பிராண்ட் எண்டு தெரியாட்டி ஒரு சாண் இடத்தில அடிச்சு இரண்டு நாள் விட்டுப் பாருங்க, சுருங்கினா ரெண்டுக்கும் பொருந்தாது எண்டு அர்த்தம். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையில எவ்வளவு நேரம், கடைசிப் பூச்சுக்குப் பிறகு எவ்வளவு நேரம் கழிச்சுக் கடல்ல இறக்கணும், எவ்வளவு நாளுக்கு மேல வெளிய வைக்கக் கூடாது, மூண்டுமே டின்னில இருக்கும், மூண்டாவதத்தான் ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. முன் மூக்கு, கீல், தண்ணி தொடுற கோடு, இந்த மூண்டிலயும்தான் கெதியாத் தேயும், அதுக்கு ஒரு கை கூட. குத்தி வச்ச இடத்த மறக்காதீங்க, முதல் பூச்சு காய்ஞ்ச பிறகு குத்தியத் தள்ளி வச்சு அந்த இடத்தையும் அடிக்கணும், இல்லாட்டி அந்த நாலு சதுரத்தில மட்டும் சிப்பித் தோட்டம் வளரும்.

ராவைக்கு போட்ட அப்பிடியே விட்டுட்டு வீட்டுக்குப் போற ஆளெண்டா கோட்டைப் பக்கம், டச் பே பக்கம் மான் திரியுறது தெரியும்தானே. அதுகள் பொலித்தீனத் தின்னும், பெயின்ட் துடைச்ச துணியையும் விடாதுகள். மாடு வந்து ஈரப் பெயின்டில முதுகு சொறிஞ்சிட்டுப் போன கதையும் உண்டு, மாட்டுக்காரன் போட்டுக்காரன் ரெண்டு பேரும் நட்டஈடு கேட்டாங்க. வேலை முடியிற ஒவ்வொரு பின்னேரமும் துணி, ரோலர், டேப் எல்லாம் பையில கட்டி வீட்டுக்குக் கொண்டு போங்க.

குப்பைய என்ன செய்யிறது எண்டு கேட்டீங்க, அதுதான் மெய்யான வேலை. தார்பாயில நிக்கிற தண்ணிய அப்பிடியே ஒரு இரவு விட்டா துகள் அடியில படியும், மேல நிக்கிற தண்ணிய பழைய துணி வடியில வடிச்சு பரல்ல ஊத்தி வெயில்ல வத்த விடுங்க, கிடைக்கிற சேத்தையும் துகளையும் தடிச்ச பையில கட்டுங்க. பெயின்ட் படாத வெறும் பாசியும் சிப்பி ஓடும் எண்டா மண்ணுக்க புதைக்கலாம், உக்கிப்போகும், பெயின்டோட சேந்தது எண்டா அது நஞ்சுக் கழிவுதான். தின்னர ஊத்த வேணாம், போத்தல்ல விட்டா பெயின்ட் அடியில படியும், மேல தெளிஞ்சத திரும்பப் பாவிக்கலாம். டின் அடியில மிஞ்சின பெயின்ட மூடியத் திறந்து நிழல்ல காய விட்டுட்டுக் குடுங்க. பையக் குப்பை லொறியில சத்தமில்லாம ஏத்தாம உள்ளூராட்சி சபையில கேட்டு, பெயின்ட் கழிவு எண்டு சொல்லிக் குடுக்கணும், அவங்களுக்குத் தெரியாட்டி மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலயோ கடல் மாசு பாக்கிற அதிகாரசபையான மீபாவிலயோ (MEPA) கேளுங்க, 2008 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கக் கடல் மாசுச் சட்டம் மீபாவின்ர கையிலதான் கிடக்கு. எரிக்க மட்டும் கூடாது. பழைய வள்ளப் பலகைய அடுப்புக்கு வைக்கிற வழக்கமும் இங்க இருக்கு, பெயின்ட் பட்ட பலகையெண்டா அந்தப் புகை சோத்துக்க வரும்.

கடல்ல இறக்கின பிறகு சீசன் நடுவில பாசி பிடிச்சுதெண்டா கண்ணாடியப் போட்டுக்கொண்டு இறங்கி மெத்தென்ற துணியால லேசாத் துடைக்கலாம். தேய்க்கேக்க தண்ணி காவி நிறமாக் கலங்கினா உடன நிப்பாட்டுங்க, கலங்கிறது உங்கட பெயின்ட். புறாமலைப் பக்கம் ஆக்கள விட்டுட்டு சும்மா நிக்கிற நேரத்தில அங்க இறங்கித் துடைக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, அது பவளப்பாறை கிடக்கிற தேசியப் பூங்கா, அங்க வேணாம். நீர்கொழும்பு, சிலாபத்தில இருந்து சீசனுக்கு லொறியில வாற போட்டுகளிட்ட வாங்கிறீங்க எண்டா அடிய நல்லாக் காய வச்சு சுத்தமாக்கிட்டு இறக்குங்க, அங்கத்த சாமான இங்க குடி வைக்கத் தேவையில்ல.

கலர். பளிச்செண்ட வெள்ளை கேட்டிருந்தீங்க, செம்பு ஒக்சைட்டே செங்காவி நிறம், அதால அந்தப் பெயின்டில நல்ல வெள்ளை வராது. சிவப்பு ஒரு லீட்டர், நீலம் ஒரு லீட்டர் வாங்குங்க, ஒரே பிராண்ட், ஒரே வகை. முதல் பூச்சு சிவப்பு, மேல நீலம். வாடைக்கு மேல ஏத்தேக்க பாருங்க, எங்க சிவப்பு தெரியுதோ அங்க மட்டும்தான் அடுத்த வருசம் பெயின்ட் வேணும், நீலம் நிக்கிற இடத்தக் கழுவிட்டு விடுங்க.